தவளைக்காரியின் பள்ளம்

ஸ்கூட்டர் இருக்கையைத் தூக்கி ஹெல்மெட்டை எடுத்தாள். உள்ளே ஒரு தவளை செத்துக் கிடந்தது.

அவள் அலறவில்லை. அண்ணாந்து பார்த்தாள். நான்கு கட்டடங்களின் பால்கனிகளிலும் ஆட்கள் நின்றார்கள். பல் துலக்குகிறவர், செய்தித்தாள் படிக்கிறவர், சும்மா நிற்கிறவர். எல்லோர் கண்ணும் அவள் மீதுதான். அவள் தவளையைப் பின்னங்காலில் பிடித்துத் தூக்கினாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"உவ்வே" என்றது இரண்டாம் மாடி.

தவளையில் மண்ணெண்ணெய் வாடை வீசியது.

அலுவலகத்துக்குப் போகாமல் நேரே பள்ளத்துக்கு நடந்தாள். கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் பொது மைதானத்தின் மையத்தில் அது இருந்தது. கோரைப் புற்களுக்கு இடையே தேங்கிய தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வண்ணவண்ணமாய் மினுங்கியது. தலைப்பிரட்டைகள் வயிறு மேலே தெரிய மிதந்தன. பின்னால் ஒரு பால்கனியிலிருந்து யாரோ தவளை மாதிரிக் கத்தினார்கள். குழந்தை இல்லை, நல்ல தடித்த ஆண்குரல்.

அவள் தொழில் நிலவடிவமைப்பு. கட்டடத்துக்கு வெளியே கிடக்கும் நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், நிழல் எங்கே விழ வேண்டும், மனிதர்கள் எங்கே உட்கார வேண்டும், பூச்சி புழுக்கள் எங்கே பிழைக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலை. கல்யாணமாகி இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து இதை ஒருவருக்கும் அவளால் புரியவைக்க முடியவில்லை. "தோட்டம் போட அஞ்சு வருஷம் படிப்பா? எங்க வீட்டுத் தொட்டிச் செடி பள்ளிக்கூடமே போகாம நல்லாத்தான் வளருது" என்று படிக்கட்டில் வைத்தே கேட்டவர்கள் உண்டு.

கணவனுக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்றாம் மாடியில் வீடு. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் கணவனின் அக்கா தனியாக இருந்தாள். புருஷன் இறந்த பிறகு வாசலைத் தாண்டி அதிகம் போகாதவள்.

மைதானத்தின் சரிவு தப்பு. கட்டியவர்கள் எந்த யோசனையில் போட்டார்களோ, பலத்த மழை வந்தால் நான்கு மொட்டைமாடிகளின் தண்ணீரும் தரைத்தள வீடுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வருடா வருடம் கட்டிலின் கால்களுக்கடியில் செங்கல், அரிசி மூட்டை அலமாரி மேல். கடைசியில் நகர நிர்வாகம் மைதானத்தைச் சீராக்க ஒப்புக்கொண்டது. வேலை அவளுடைய அலுவலகத்துக்கு வந்தது. "நான் அங்கதான் குடியிருக்கேன்" என்றாள் அவள். "அப்ப நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி.

நல்லதாகப் போகவில்லை.

அவள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. சரிவைத் திருப்பினாள். நடுவில் அகலமாக, ஆழம் குறைவாக ஒரு பள்ளம் எடுத்தாள். மாடிகளிலிருந்து இறங்கும் குழாய்களையெல்லாம் கல் பாவிய வாய்க்கால்கள் வழியாக அதற்குள் விட்டாள். வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன மண்ணைக் கிளறி, அந்தப் பக்கத்து ஓடைக்கரைகளில் தானாக வளரும் கோரையையும் புல்லையும் நட்டாள். வேர் இறங்கினால் மண் தண்ணீரைக் குடிக்கும். பள்ளத்தின் விளிம்பில் உட்காரக் கல் வரிசை. முதல் பெருமழைக்குத் தரைத்தளத்தில் ஒரு வீட்டு வாசலும் நனையவில்லை.

அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வராத தண்ணீரைப் பற்றி யார் பேசுவார்கள்? வந்ததைப் பற்றித்தான் பேசினார்கள். தவளை வந்தது. தவளைச் சத்தம் வந்தது. தட்டான் வந்தது, கொக்கு வந்தது, கொசு வந்தது. பாம்பும் வந்ததாகச் சொன்னார்கள். பார்த்த ஆள் மட்டும் கிடைக்கவில்லை. அவளுக்குத் "தவளைக்காரி" என்று பெயர் விழுந்தது.

பெயர் வைத்தவர் சங்கத் தலைவர் என்று பேச்சு. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: விசில். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் யாராவது வண்டியைக் கோணலாக நிறுத்தினால் பால்கனியிலிருந்தே விசில் ஊதுவார். சமீபத்தில் கார் வாங்கியிருந்தார், அது நிற்க இடமில்லை. லிப்ட் கதவில் அவர் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பள்ளத்தை மூடிக் கல் பதிப்பது பற்றி முடிவெடுக்கப்படும். மண் லாரிக்கு ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூடினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் பழைய வீடுகளுக்கே திரும்பும். அதுவும் எல்லோருக்கும் தெரியும். மாடிக்காரர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. தரைத்தளத்துக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். ஆனால் மூட வேண்டும் என்று அதிகம் சத்தம் போட்டது தரைத்தளம்தான். அதிலும் முதல் குரல் அவளுடைய நாத்தனாருடையது.

கையில் தவளையோடு அவள் நாத்தனார் வீட்டு வாசலில் நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, ஈரத் துணி தொங்கியது. நனைந்த போர்வையின் வாடை வாசல்வரை வந்தது. போர்வைக்குப் பின்னாலிருந்து கத்தியில் காய் நறுக்கும் சத்தம்.

"அண்ணி, பள்ளத்துல மண்ணெண்ணெய் ஊத்துனது யாரு?"

"நான்தான்."

தயாராக வைத்திருந்த அடுத்த கேள்வி வீணாகிவிட்டது.

"எதுக்கு?"

"கொசுக்கு."

"எண்ணெய் நாலு நாள்ல போயிடும் அண்ணி. கொசு திரும்பி வரும். கொசுப் புழுவைத் தின்னுட்டு இருந்த தட்டான் குஞ்சையெல்லாம் சேர்த்துக் கொன்னுட்டீங்க. இனிமேதான் நிஜமான கொசு."

"வரட்டுமே. மூணாவது மாடிக்கும் பறந்து வரும்ல?"

"என் ஹெல்மெட்டுக்குள்ள இதை வெச்சதும் நீங்கதானா?"

நாத்தனார் போர்வையை விலக்கித் தவளையைப் பார்த்தாள். "இது நான் இல்ல. எனக்கு அந்த யோசனை வரல. வந்திருந்தா ரெண்டா வெச்சிருப்பேன்."

ஹெல்மெட்டில் வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

"அண்ணி, தண்ணி உங்க வீட்டுக்குள்ளதான் வந்துச்சு. கட்டில் மேல ஏறி உட்கார்ந்து விடியவிடிய முழிச்சது நீங்க. இந்த மழைக்கு ஒரு சொட்டு வந்துச்சா?"

"வரல."

"அப்புறம் என்ன?"

"தண்ணியும் வரல. ஆளும் வரல." நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். "கம்பம் எங்கடி?"

"எந்தக் கம்பம்?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாத்தனார் எழுந்து வந்தாள். ஈரத் துணிகளைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"எந்தக் கம்பமா? துணி காயப்போடுற கம்பம்! மைதானத்துல வரிசையா நின்னுச்சே, பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டியே, அது! நாலு கட்டடத்துப் பொம்பளைங்களும் காலைல வாளியத் தூக்கிட்டு அங்கதான் வருவாளுங்க. என் வாசலைத் தாண்டித்தான் போகணும். ஒருத்தி உட்காருவா, ஒருத்தி தண்ணி கேட்பா, ஒருத்தி மாமியாரைத் திட்டுவா. இப்ப எவ வர்றா? மாடிக்காரி பால்கனியில போடுறா. சொட்டுதுன்னு கீழ் வீட்டுக்காரி கத்துறா. எனக்குப் பால்கனியும் இல்ல, சண்டை போட ஆளும் இல்ல. இந்த நாத்தத்துல நான் ஒண்டியா உட்கார்ந்திருக்கேன். உனக்கு எங்க தெரியும்? உன் துணியையே என் தம்பிதானே காயப்போடுறான்!"

கதவு அறைந்து மூடியது.

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அது எப்படி என்பதுதான் வேடிக்கை. இந்தத் தொழிலில் சோம்பேறிகள் வெயில் நாளில் வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அளந்துவிட்டுப் போவார்கள். அவள் அப்படி இல்லை. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வாசலை முதலில் எட்டுகிறது என்று பார்க்க ஒவ்வொரு மழைக்கும் குடையோடு இறங்கினாள். சேற்றில் குச்சி நட்டுக் குறித்துக்கொண்டாள். மழை நாளில் யார் துணி காயப்போடுவார்கள்? கயிறுகள் அவிழ்க்கப்பட்டு, துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள் மட்டும் நனைந்துகொண்டு நிற்கும். வெயில் நாட்களில் பெண்கள் வாளியோடு இறங்குவதற்குள் அவள் அலுவலகம் போயிருப்பாள். இந்தக் கம்பங்களை என்ன செய்வது என்று கான்ட்ராக்டர் கேட்டபோது, "பழைய தூணுங்க. பிடுங்கிடுங்க" என்று சொன்னது அவள்தான். வேலையை ஒழுங்காகச் செய்ததாலேயே வந்த தப்பு. சோம்பேறி செய்திருக்கமாட்டான்.

சாயங்காலம் கணவனிடம் கேட்டாள்.

"அங்க துணி காயப்போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"ஏன் சொல்லல?"

"நீ படிச்சவ. கம்பத்துக்கு வேற ஏதாவது திட்டம் வெச்சிருப்பன்னு நெனச்சேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் டீயை ஊதினான்.

"கூட்டத்துல சொல்லிடப் போறேன். நான் பார்க்கலன்னு."

"வேண்டாம். அதை மட்டும் செய்யாத. தப்புன்னு ஒத்துக்கிட்டா அதையே பிடிச்சுக்குவாங்க. ஆயுசுக்கும் விடமாட்டாங்க."

அவன் சொன்னது சரிதான் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

கூட்டம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நடந்தது. நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் சுவரோரம் நின்றார்கள். விசில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். குடியிருப்பின் அழகு, குழந்தைகளின் ஆரோக்கியம், அண்டை குடியிருப்புகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் தலைகள் ஆடின.

டியூஷன் டீச்சர் எழுந்தாள். முதல் மாடியில் இருப்பவள், அவள் வீட்டு ஜன்னல் பள்ளத்தைப் பார்த்துத் திறக்கும். "நான் ஒரு கேள்வி கேட்டா அது ஒரு பதில் சொல்லுது. என்னைவிட அந்தத் தவளை சத்தமாப் பாடம் எடுக்குது. பிள்ளைங்க அதைத்தான் கவனிக்குதுங்க." சிரிப்பு. "பள்ளம்னு சொல்றாங்க, எனக்கு அது குட்டைதான்." மேலும் சிரிப்பு. "காசு குடுத்துக் களை நட்டிருக்காங்க!" என்று ஒரு குரல். "பிடுங்கவும் அவங்களையே கூப்பிடுங்க" என்று இன்னொன்று.

"வடிவமைச்சவங்களே வந்திருக்காங்க. ஏதாவது சொல்றீங்களா மேடம்?" என்றார் விசில். அந்த 'மேடம்' என்பதில் அத்தனை இனிப்பு.

அவள் முன்னால் வந்தாள். கணவன் தரையைப் பார்த்தான்.

"கம்பத்தைப் பிடுங்கச் சொன்னது நான்தான். அது எதுக்கு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. மழை பெய்யுறப்ப மட்டும்தான் நான் மைதானத்தைப் பார்த்தேன். அது என் தப்பு."

சைக்கிள் நிறுத்துமிடமே வெடித்தது.

"சொந்த வாசல்ல நின்ன கம்பம் தெரியல, இவங்க நமக்கு நிலம் வரையுறாங்களாம்!"

"மழையில பார்த்தாங்களாம்! நல்லவேளை, இருட்டுல பார்க்கல. நம்ம கட்டடத்தையும் பிடுங்கியிருப்பாங்க!"

"தம்பி, வீட்டுல சமையல்கட்டு எங்க இருக்குன்னாவது காட்டியிருக்கியா?" கணவன் காது சிவந்தது.

விசில் கையை உயர்த்தி அடக்கினார். முகத்தில் தனி வெளிச்சம். "பார்த்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இனிமே பேச என்ன இருக்கு? மூடிடலாம். மூடணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க."

"ஒரு நிமிஷம்." அவள் குரலில் மரியாதை தீர்ந்துபோயிருந்தது. "மூடுனா கம்பம் திரும்பி வருமா? சாரைக் கேளுங்க. மூடிக் கல் பதிச்ச இடத்துல எது நிக்கப் போகுது? கயிறா, காரா? கார் நிக்கிற இடத்துல கயிறு கட்ட விடுவாரா?"

விசில் சிரித்தார். "என்னம்மா பேசுறீங்க? கார் நிக்கிற இடத்துல துணியா? குடியிருப்புக்குள்ள நுழையும்போதே நாலு பேரோட துணி தொங்குனா அசிங்கமா இருக்காது?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ரயிலில் எத்தனையோ சண்டை பார்த்தவர், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். "அந்தக் கம்பம் போனதுதான் இவங்க பண்ணுன ஒரே நல்ல காரியம்" என்று சேர்த்தார்.

சுவரோரம் ஏதோ அசைந்தது.

"யாரு துணி அசிங்கம்?" நாத்தனார்தான்.

"பொதுவாச் சொன்னேம்மா."

"பொதுவான்னா யாருது? உங்க லுங்கியும் அதுலதான் வருஷக்கணக்காக் காஞ்சுது. உங்க வீட்டம்மா அதை உதறுறப்ப வர்ற தூசில எங்க துணி அழுக்காச்சு. நாங்க அசிங்கம்னு சொன்னோமா?"

விசிலின் மனைவி சுவரோரம்தான் நின்றாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள். விசிலும் பார்த்தார். அதன் பிறகு அவர் பேசியது யார் காதிலும் விழவில்லை. பெண்கள் சுவரை விட்டு நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

அவர்கள் அவள் பக்கம் வந்ததாக நினைத்தால் தப்பு. நேராக அவளைச் சுற்றி வளைத்தார்கள்.

"கம்பம் எங்க வரும்? இப்பவே சொல்லு."

அவள் சாக்பீஸ் எடுத்துத் தரையில் பள்ளத்தை வரைந்தாள். இரண்டு கரையிலும் கம்பம், குறுக்கே பள்ளத்தின் மேலாகக் கயிறு. கீழே தண்ணீர், மேலே துணி. நாத்தனார் அதைக் காலால் அழித்தாள்.

"துணிய எட்டிப் பிடிக்கத் தண்ணிக்குள்ள இறங்கணுமா? அறிவு இருக்கா?"

"அப்ப கரையை அகலமாக்குறேன். கரை மேலேயே ரெண்டு வரிசை."

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது தெரியுமா உனக்கு? மழையில காத்தும் நனைஞ்சு நின்னுடுச்சா?" என்றாள் டியூஷன் டீச்சர். சாக்பீஸைப் பிடுங்கிக் கோட்டைத் திருப்பிப் போட்டாள்.

"உயரம் குறைக்கணும். நெட்டையா இருக்கிறவளுக்கு மட்டும்தான் துணியா?"

"உட்கார்ற கல்லைத் தள்ளிப் போடு. வெயிலைப் பார்த்து வெச்சிருக்கா, மண்டை காயுறதுக்கு."

"அந்தக் கோரையை வெட்டு. போர்வையில விதை ஒட்டும்."

"கோரையை வெட்டமாட்டேன்" என்றாள் அவள்.

"வெட்டணும்."

"வெட்டினா தண்ணி மண்ணுக்குள்ள இறங்காது. உங்க கட்டிலுக்கடியிலதான் வந்து நிக்கும். வேணுமா?"

"விதையை யார் பொறுக்குறது? நீ வந்து பொறுக்குவியா?"

"கயித்துப் பக்கம் மட்டும் குட்டையா வெட்டித் தர்றேன். மத்தப் பக்கம் தொடக்கூடாது. மண்ணெண்ணெயும் கூடாது."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கம்பம் நிக்கட்டும், அப்புறம் பார்ப்போம். மண்ணெண்ணெய் டப்பா என்கிட்டதான் இருக்கு."

கை தூக்கியபோது பள்ளத்தை மூட வேண்டும் என்றவர்கள் நாற்காலிகளில் மட்டும் இருந்தார்கள், அவர்களிலும் பாதிப் பேர் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்கள். லாரிக்காரனுக்கு வர வேண்டாம் என்று விசிலே தொலைபேசியில் சொன்னார். ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. டியூஷன் டீச்சர் போகிற போக்கில், "தவளைக்கு ஏதாவது செய்யுங்க, அதை நான் விட்டுடல" என்றாள்.

கம்பங்கள் வந்தன. கரையை அகலப்படுத்தி, சேறு ஒட்டாமல் சரளை போட்டு, பெண்கள் அழித்துத் திருத்திய சாக்பீஸ் கோட்டிலேயே நட்டாள். கல் வரிசையை நிழலுக்குத் தள்ளினாள். அலுவலகத்தில் முதலாளி புதிய படத்தைப் பார்த்து, இவ்வளவு கோணலாக யார் வரைந்தது என்று கேட்டார். "குடியிருக்கிறவங்க" என்றாள்.

முதல் வெயில் நாளிலேயே நான்கு கட்டடத்து வாளிகளும் இறங்கின. நாத்தனார் வாசலில் ஒருத்தி உட்கார்ந்தாள், ஒருத்தி தண்ணீர் கேட்டாள். அவள் விடுமுறை எடுத்துக்கொண்டு வாளியோடு இறங்கியபோது பேச்சு நின்றது. கயிறு நிறைந்திருந்தது, நகர்த்தி இடம் கொடுக்க யாரும் கை நீட்டவில்லை. கடைசிக் கம்பத்தருகே, கோரை உரசுகிற மூலையில், கணவன் சட்டைகளையும் தன் உடைகளையும் போட்டாள். அவள் திரும்பிப் படியேறும்போது பின்னால் ஒரு சின்னத் தவளைச் சத்தம், பிறகு சிரிப்பு.

மத்தியானம் மழை கொட்டியது. பெண்கள் ஓடி வந்து துணிகளை அள்ளினார்கள். அவளும் இறங்கினாள், ஆனால் கயிற்றுக்குப் போகவில்லை. அகலமாக்கிய கரை தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. முழங்கால் சேற்றில் நின்று, வாய்க்கால்கள் எல்லாம் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய்வதைப் பார்த்தாள். தண்ணீர் கோரையின் கழுத்துவரை ஏறி, கரையைத் தொட்டு, அங்கேயே நின்றது. நாத்தனார் வாசல் உலர்ந்திருந்தது. அந்த உலர்ந்த வாசலில் நாத்தனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்து எதையோ மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். மைதானம் முழுக்க ஒரு துணி இல்லை. கடைசிக் கம்பத்தருகே கணவனின் சட்டைகளையும் காணோம். அவளுடைய உடைகள் மட்டும் சொட்டச் சொட்டத் தொங்கின. நாத்தனார் மடியில் இருந்தவை தம்பியின் சட்டைகள்.

"என்னோடதையும் எடுத்திருக்கலாமே அண்ணி?"

நாத்தனார் சட்டைக் காலரை நீவி மடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்குத்தான் மழை பிடிக்குமே."